பச்சை முத்திரை கடையில்… நிலப்பட்டா எங்கே?

"சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத பொருள்களை எங்கே வாங்கலாம்? நம் வட்டாரத்தில் நம் மக்களே நடத்தும் அப்படிப்பட்ட தொழில்கள் உண்டா?"

நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நல்ல கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. மறுபாதியையும் சேர்த்துக் கேட்டால்தான் இது உரிமைப் பிரச்சினை என்பது விளங்கும்: அந்தப் பொருளை உண்டாக்குகிறவர் யாருடைய நிலத்தில் நிற்கிறார்? அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நிற்பாரா?

இதைக் கோப்பெங்கிலிருந்து பார்ப்போம். ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள சிறுபட்டணம். ஒரு காலத்தில் ஈயத்தால் பெயர் பெற்றது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெரிய பெரிய குளங்களும் மணல் மேடுகளும் மிஞ்சின. சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. இன்று கோப்பெங் என்றால் குவா தெம்புருங் குகை, கம்பார் ஆற்றில் படகுச் சவாரி, காட்டோரத் தங்கும் விடுதிகள். எல்லாவற்றுக்கும் முன்னால் 'எக்கோ' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வார இறுதியில் கோலாலம்பூர் கார்கள் வரிசை பிடித்து வருகின்றன.

இந்த விடுதிகளைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் 'எக்கோ' என்ற சொல் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் பசுமையாகத் தொழில் செய்துகொண்டிருந்த நம் மக்கள் இந்தப் படத்தில் எங்கே இருக்கிறார்கள்?

தேடும் பொருள் காலடியில்

பேராவின் எந்தச் சிறுபட்டணத்துக் காலைச் சந்தைக்கும் போய்ப் பாருங்கள். வாழையிலைக் கட்டு. தென்னை ஈர்க்கில் கட்டிய விளக்குமாறு. வீட்டுக் கொல்லையில் பறித்த கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி. மரவள்ளிக்கிழங்கு. பழைய போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் கறந்த பால். வீட்டில் உருக்கிய நெய். நாரில் தொடுத்த பூச்சரம். இவற்றில் எதற்கும் விமானப் பயணம் இல்லை, குளிர்க்கிடங்கு இல்லை. பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் இல்லை. மாட்டுச் சாணம் கீரைப் பாத்திக்குப் போகிறது, கீரைக் கழிவு மாட்டுக்கு வருகிறது.

பெருநகரப் பேரங்காடியில் இதே பொருள் ஒரு முத்திரையோடு வந்தால் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம். சந்தையில் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் ஐம்பது காசுக்குப் பேரம் பேசுகிறோம். இது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

2018இல் நம் நாட்டு அரசாங்கம் ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிப்பது அதன் இலக்கு. மகிழ்ச்சி! அப்படியானால் கோயில் அன்னதானத்துக்கும் கல்யாணத்துக்கும் வாழையிலை வேண்டும். வாழையிலைக்கு வாழை வேண்டும். வாழைக்கு நிலம் வேண்டும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு

நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் வாழ்ந்தபோது சொந்த நிலம் இல்லை. ஆனால் பயிர் செய்ய மண் இருந்தது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்ற அளவில் காய்கறி பயிரிடவோ மாடு மேய்க்கவோ தோட்ட நிர்வாகம் இடம் ஒதுக்க வேண்டும் என்று காலனியக் காலத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. வெள்ளைக்காரன் கருணையால் கொடுத்ததல்ல அது. குறைந்த கூலியில் வயிறு நிறையாது, எனவே மீதியை அவர்களே விளைவித்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு. இருந்தாலும் அந்தத் துண்டு நிலத்தில்தான் லயத்து வீட்டின் கீரையும் வாழையும் கறவை மாடும் வளர்ந்தன. நம் சமூகத்தின் இயற்கை வேளாண்மை அறிவு அங்கே உயிரோடு இருந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. வேலை போனபோது லயத்து வீடும் போனது. வீட்டைப் பற்றியாவது ஓரளவு பேசினோம், மறியல் செய்தோம், வழக்குப் போட்டோம். கொல்லையைப் பற்றி யாரும் பேசவில்லை! மாட்டுக்கொட்டகைக்கு இழப்பீடு கேட்டவர்கள் எத்தனை பேர்? மலிவுவிலை அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடியில் மாடு கட்ட முடியுமா?

பத்து காஜா சாலையில் இருக்கும் கெல்லி கோட்டையைப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்ட முதலாளியின் முடிவுறாத மாளிகை அது. அதைக் கட்டியதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் வழிபட்ட மாரியம்மன் கோயிலும் அருகிலேயே இருக்கிறது. கோட்டைக்குப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் கிடைத்துவிட்டது. அந்த மண்ணில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன பெயர்? "புறம்போக்குவாசி!"

டிசம்பர் 31இல் முடியும் வாழ்க்கை

இப்போது சட்டத்துக்கு வருவோம். தோட்டத்தை விட்டு வெளியேறிய பலர் ஆற்றோரத்திலும் பழைய சுரங்க நிலத்திலும் உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழும் காய்கறி போட்டார்கள், மாடு வளர்த்தார்கள். சிலருக்கு டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக நில உரிமம் கிடைத்தது. "எங்களிடம் கிராண்ட் இருக்கிறது" என்று அந்தக் காகிதத்தைக் காட்டுகிறவர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். அது கிராண்ட் அல்ல!

தேசிய நிலச் சட்டத்தின் 65 முதல் 69 வரையிலான பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். முதல்முறை கொடுக்கப்படும் இந்த உரிமம் அந்த ஆண்டின் இறுதிக்கு மேல் நீடிக்காது. தொடர வேண்டுமானால் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் அவரோடு முடிந்துவிடும்.

இந்தக் கடைசி வரி எப்படிக் கடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். பேராவின் ஒரு சிற்றூரில் கணவனும் மனைவியும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழையும் கறிவேப்பிலையும் பயிரிட்டு வந்தார்கள். உரிமம் கணவர் பெயரில். அவர் காலமானார். காரியம் முடிந்து மூன்று மாதம் கழித்து அந்த அம்மா கட்டணம் கட்ட நில அலுவலகம் போனார். "உரிமம் முடிந்துவிட்டது, புதிதாக விண்ணப்பம் செய்யுங்கள்" என்றார்கள். புதிய விண்ணப்பம் போட்டார். பதில் வரவில்லை. கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, மரம் நான் வெச்சது. தண்ணி நான் ஊத்தினது. அவரு செத்தா மரமும் செத்துப்போச்சா?" என்று கேட்டார். சட்டப்படி அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் எனக்கே கசந்தது. மரம் உயிரோடு இருக்கிறது. அதன்மேல் அவருக்கு இருந்த உரிமைதான் போய்விட்டது.

உரிமமே இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். எத்தனை ஆண்டு உழுதாலும் அனுபவ பாத்தியத்தால் அரசு நிலத்துக்கு உரிமை வராது என்கிறது 48ஆவது பிரிவு. அனுமதியின்றி அரசு நிலத்தில் இருப்பதே குற்றம் என்கிறது 425ஆவது பிரிவு. 1982இல் சிடேக் எதிர் பேரா அரசாங்கம் என்ற வழக்கில், புறம்போக்கில் இருப்பவர்களுக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, சமநீதியிலும் உரிமை இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்தில் பிறந்த தீர்ப்பு! அன்று வழக்குத் தொடுத்த நூற்றுக்கணக்கானோர் தமிழர்கள் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள். நிலமற்றவன் எந்த இனமானாலும் சட்டத்தின் முன் ஒரே மாதிரிதான் தோற்கிறான்.

2023 அக்டோபரில் ஈப்போவுக்கு வடக்கே கந்தானில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பல ஆண்டுகளாகக் காய்கறி விளைந்த பண்ணைகளுக்குள் மாநில மேம்பாட்டுக் கழகத்தின் இயந்திரங்கள் புகுந்தன. தடுக்க நின்ற மலேசிய சோசலிசக் கட்சித் தலைவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் கைதானார். பேராவின் சமையலறைக்குக் காய்கறி கொடுத்த நிலம் அது. 'உணவுப் பாதுகாப்பு' என்று மேடையில் முழங்கும் நாட்டில்தான் இதுவும் நடந்தது.

முத்திரையில் தெரியாத கைகள்

முத்திரை இருந்தால் நம்பலாமே என்பீர்கள். முத்திரையின் கதையையும் பார்ப்போம்.

கோப்பெங்கிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் செம்பனை. 'நீடித்து நிலைக்கும் செம்பனை எண்ணெய்' என்ற பேச்சு 2004இல் ஆர்.எஸ்.பி.ஓ. வட்டமேசை அமைப்பு தொடங்கியபோதே உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தச் செம்பனை மரங்களுக்கு இடையே முதுகில் தோம்பைச் சுமந்து பாராகுவாட் களைக்கொல்லி அடித்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் பெண்கள். நகம் உதிர்ந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது. ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு 2002இல் இந்தக் கொடுமையை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது! மருந்தடி வேலை தொடர்ந்தது. 2020 ஜனவரி 1இல்தான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. ஐரீன் அதைப் பார்க்காமலேயே 2014இல் மறைந்தார்.

அதே 2020இல்தான் எம்.எஸ்.பி.ஓ. என்ற மலேசிய நீடித்த செம்பனைச் சான்றிதழும் கட்டாயமானது. எண்ணெய் பசுமையாவதற்கு ஆண்டுக்கணக்கில் கூட்டம் போட்டார்கள். அதை உண்டாக்கிய பெண்ணின் நுரையீரலுக்கு 18 ஆண்டு காத்திருக்கச் சொன்னார்கள்.

இன்னோர் உதாரணம் கோப்பெங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உலு கெருந்தும் கம்பத்தைச் சேர்ந்த செமாய் பூர்வகுடி மக்கள், தங்கள் மூதாதையர் நிலத்தில் சிறு நீர்மின் திட்டம் வருவதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, பசுமைத் திட்டம் என்றுதான் அதற்கும் பெயர். மக்களைக் கேட்காமல் அவர்கள் ஆற்றில் கை வைத்தால் அது என்ன பசுமை?

நம் கீரை விவசாயிக்கு இயற்கை விளைச்சல் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கலாமே என்றால், விண்ணப்பப் பாரத்தில் நிலம் யாருடையது, எந்த அடிப்படையில் பயிரிடுகிறீர்கள் என்ற கேள்வி முன்னால் நிற்கிறது. ஓராண்டு உரிமக்காரன் மண்ணைச் சீர்படுத்த மூன்றாண்டு முதலீடு போடுவானா? உரிமமே இல்லாதவன் அதிகாரியைத் தன் பாத்திக்கு அழைத்து வருவானா? நாளைக்கே போய்விடக்கூடிய நிலத்தில் யாரும் மண்ணை வளர்க்க மாட்டார்கள், இன்றைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்றுதான் பார்ப்பார்கள். யூரியாவும் பூச்சிமருந்தும் உள்ளே வருவது அப்படித்தான். நிலப் பாதுகாப்பு இல்லாமல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இல்லை. இதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

இரண்டு பாடங்கள்

புலம்பி என்ன பயன்? செய்து காட்டியவர்களைப் பார்ப்போம்.

முதல் பாடம் கோப்பெங் மலையடிவாரத்து உலு கெரோ. அங்கும் செமாய் மக்கள்தான். ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியும் ரஃப்ளீசியா மலரும் உள்ள காடு. ஒரு காலத்தில் வண்ணத்துப்பூச்சியைப் பிடித்தும் ரஃப்ளீசியா மொட்டைப் பறித்தும் வியாபாரிகளுக்கு விற்றார்கள். பிறகு மலேசிய இயற்கை கழகத்தின் துணையோடு கம்பத்து மக்களே ஒரு குழு அமைத்தார்கள். வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்று, வருகிறவர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். பூ செடியிலேயே இருக்கிறது, வருமானம் கம்பத்துக்கு வருகிறது. உண்மையான வட்டாரத் தொழில் என்றால் இதுதான். சிலாங்கூரில் சாகோங் தாசி வழக்கில் 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்றன. அந்த உரிமைக்காக அவர்கள் இன்னும் போராடுகிறார்கள். நாம் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள், போட்டியாளர்கள் அல்லர்.

இரண்டாம் பாடம் நம் வீட்டிலேயே இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் துண்டாடலில் வீதிக்கு வரவிருந்த தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து, தோட்டங்களையே வாங்கினார்கள். முதலில் கெடாவின் புக்கிட் சிடிம். படிக்காத பால்மரத் தொழிலாளி நில முதலாளியான வரலாறு அது! பிற்காலத்தில் அந்தச் சங்கம் போன பாதையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் அடிப்படை எண்ணம் பழுதானதல்ல: தனியாள் வாங்க முடியாத நிலத்தைக் கூட்டாக வாங்கலாம்.

அறிவுக்கும் பஞ்சமில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம், மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் காலத்திலிருந்தே, பஞ்சகவ்யம், தேமோர் கரைசல், மீன் அமிலம் என்று இயற்கை வேளாண்மையை நம் மக்களுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறது. கற்றுக்கொண்டதைப் போட மண் மட்டும்தான் இல்லை.

என்ன செய்யலாம்?

வாங்குகிறவர்கள்:

1. முத்திரையைப் பார்க்கும் முன் கேளுங்கள்: எங்கே விளைந்தது? யார் விளைவித்தது? அவருக்கு என்ன கிடைத்தது?

2. கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆண்டு முழுக்கத் தேவைப்படும் வாழையிலை, பூ, பால், காய்கறிக்கு வட்டாரத்து விவசாயிகளோடு முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்யட்டும். தைப்பூசத்துக்கும் பொங்கலுக்கும் பாலிஸ்டிரின் டப்பாவை நிறுத்துங்கள். ஒரு கோயில் ஒரு விவசாயியை எடுத்துக்கொண்டாலே போதும்.

3. விலையில் பேரம் வேண்டாம்!

விற்கிறவர்கள்:

1. வணிகப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. உணவுப் பொருள் விற்றால் உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். காகிதம் சரியாக இல்லாதவனைத்தான் முதலில் விரட்டுவார்கள்.

2. டி.ஓ.எல். வைத்திருப்பவர்கள் ஆண்டு முடியும் முன்பே புதுப்பியுங்கள். ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். குடும்பத்தில் இன்னொருவர் பெயரிலும் உரிமத்துக்கு இப்போதே விண்ணப்பம் போட்டு வையுங்கள். சாவு சொல்லிக்கொண்டு வராது.

3. தனித்தனியாக மனு கொடுக்காதீர்கள். கூட்டாகக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

மாநில அரசாங்கத்துக்கு நம் கோரிக்கைகள்:

1. நிலம் மாநில அதிகாரம் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை. எனவே புத்ராஜெயாவைக் கைகாட்டித் தப்பிக்க வேண்டாம். பேராவில் பல ஆண்டுகளாக உணவுப் பயிர் செய்வோருக்கும் மாடு வளர்ப்போருக்கும் ஓராண்டு உரிமத்துக்குப் பதிலாக நீண்டகாலக் குத்தகை கொடுங்கள். 99 ஆண்டு வரை குத்தகை கொடுக்க 76ஆவது பிரிவு இடமளிக்கிறது. நாங்கள் கேட்பது 30 ஆண்டு.

2. உரிமம் பெற்றவர் இறந்தால், அந்த நிலத்தில் உழைத்த துணைவருக்கோ பிள்ளைக்கோ முதல் வாய்ப்பாகப் புதிய உரிமம் கொடுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், நில அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

3. கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில் ஒரு பகுதியை முன்னாள் தோட்டத் தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு இயற்கை வேளாண்மைக்காக ஒதுக்குங்கள்.

4. மாற்று நிலம் தராமல் எந்தப் பண்ணையையும் உடைக்காதீர்கள்.

மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கீட்டு நிலமும் பெல்டா குடியேற்றமும் உண்டு. சீனர்களுக்குப் புதுக்கிராமங்கள் உண்டு. பூர்வகுடிகளுக்குப் பாதி மட்டுமே காப்பாற்றினாலும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. இவற்றில் எதையும் நாம் பறிக்கக் கேட்கவில்லை. தோட்டத்தில் நான்கு தலைமுறை உழைத்த தமிழனுக்கு இந்நாட்டு நிலச் சட்டத்தில் எந்தப் பிரிவு இருக்கிறது? தேடிப் பார்த்தால் 425தான் கிடைக்கிறது. குற்றப் பிரிவு!

இளைஞர்களே, பசுமைப் பொருளைத் தேடுங்கள், கட்டாயம் தேடுங்கள். கோப்பெங் சந்தையில், சிம்மோரில், சுங்கை சிப்புட்டில், உங்கள் ஊர்க் கோயில் வாசலில் அது இருக்கிறது. வாங்கும்போது விற்கிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, உங்க நிலத்துக்கு என்ன காகிதம் இருக்கு?" பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஊரில் நூறு பேரிடம் கேட்டு எழுதினால் அது ஒரு மனுவாகும். அந்த மனுவோடு மந்திரி பெசார் அலுவலகப் படியேற நாங்கள் தயார். நீங்கள் தயாரா?